மீன்தானே என்று தொடங்கும் வலிச் சோதனை: பாளையங்கோட்டை ஆய்வகம் ஒன்றின் சேவை குறித்து

என் தம்பி கல்லிடைக்குறிச்சியில் மூட்டுவலித் தைலம் காய்ச்சி விற்கிறான். நொச்சி இலை, வாதநாராயணன் இலை, விளக்கெண்ணெய், சூடம் என்று எங்கள் தாத்தா காலத்துக் கைப்பக்குவம் அது. வாங்கியவர்கள் மறுபடியும் வருகிறார்கள் என்பதற்கு மேல் அதற்கு இதுவரை எந்தச் சான்றும் தேவைப்பட்டதில்லை. சென்ற ஆண்டு வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர், ஆய்வக அறிக்கை இருந்தால்தான் சரக்கு எடுப்பேன் என்று சொல்லிவிட்டதால், மீன்களைக் கொண்டு வலிநிவாரணிகளைச் சோதித்துத் தரும் தனியார் ஆய்வகம் ஒன்றைப் பாளையங்கோட்டையில் அவன் தேடிப் பிடித்தான். 31 ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஏழு வாரங்களில் நான்கு முறை அங்கே போய் வந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்த்து, சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாதிரி ஒன்றுக்கு 18,500 ரூபாய். மூன்று தவணைகளில் கட்டலாம். ஆறு வாரத்தில் அறிக்கை. எலியில் செய்தால் இதைப்போல் மூன்று மடங்கு செலவாகும் என்று சொன்னார்கள். கட்டணத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது எங்கள் அம்மா கேட்ட கேள்விதான் முதல் மதிப்புரை: “பாபநாசத்துல மீனுக்குப் பொரியும் போடுவிய, இங்க வந்து அதுக்கு ஊசியும் போடச் சொல்லுவியளோ?” தம்பி பதில் சொல்லவில்லை. நானும் மீன் தின்னாதவன் அல்லன். சந்தையில் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்து வாங்குகிறவன்தான். ஆனால் தின்பதற்காகக் கொல்வதும், வலிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வலியை உண்டாக்குவதும் ஒன்றல்ல என்பது அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆய்வகம் பயன்படுத்துவது, வண்ணமீன் கடைகளில் ‘ஜீப்ரா’ என்ற பெயரில் கிடைக்கும் வரிக்குதிரை மீனைத்தான். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன் நம் நாட்டுக்காரன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி எழுதியபோது இதற்கு அறிவியல் பெயர் இட்டார். ஆய்வகங்களுக்குள் இது நுழைந்ததற்குப் பெரிதும் காரணமானவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர்; அவருடைய முக்கியமான கட்டுரை 1981-இல் வெளிவந்தது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த மீனிடம் இணையான மரபணு உண்டு என்பது 2013-இல் இதன் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது தெரிந்தது. ஆய்வகத்தின் கையேட்டில் இவையெல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. சரிபார்த்தேன், சரியாகவே இருந்தன. அந்த 70 விழுக்காட்டைக் காட்டி ‘மனிதனுக்கு 70 விழுக்காடு பொருந்தும் சோதனை’ என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்ததுதான் தவறு. மரபணு ஒத்திருப்பது வேறு, முழங்கால் குடைச்சல் ஒத்திருப்பது வேறு.

மீன் வளர்ப்பைப் பொறுத்தவரை இந்த ஆய்வகத்துக்குத் தயக்கமின்றி நல்ல பெயர் கொடுப்பேன். இந்த மீனுக்கு உகந்ததாக ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் வெப்பநிலை 28.5 டிகிரி. குளிர்நாட்டுக் கையேடுகளெல்லாம் தண்ணீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பேசும். நம் பாளையங்கோட்டைக் கத்திரி வெயிலில் தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பாடு. இங்கே குளிர்விப்பானும், மின்சாரம் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீரை அப்படியே விடாமல், குளோரின் நீக்கி வடித்த பிறகு அளவாக உப்புச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்பது பிசகுவதில்லை. மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் இடையில் தடுப்பு வைத்து விட்டுவிட்டு, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் முட்டைகள் அடியில் உள்ள வலையின் கண்கள் வழியே இறங்குகின்றன. அளவில் கசகசா, பார்வைக்கு வெந்த ஜவ்வரிசி. உருப்பெருக்கியில் வைத்தால் உள்ளே கரு பிளவுபடுவது கண்முன்னே தெரிகிறது. தவளையை அறுத்துக் காட்டியே பாதி வாழ்நாளைக் கழித்த எனக்கு, எதையும் அறுக்காமல் இவ்வளவையும் பார்க்க முடிவது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

சோதனைகள் இரண்டு. முதலாவது குஞ்சுகளில் செய்வது. 24 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒரு குஞ்சாக விட்டு, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை மிகவும் நீர்த்த நிலையில் சேர்த்து, மேலிருந்து கேமரா படம்பிடிக்க, ஒவ்வொரு குஞ்சும் எவ்வளவு தூரம் நீந்தியது என்பதைக் கணினி கோடுகளாக வரைகிறது. மருந்து கொடுத்த குஞ்சுகளில் அந்த நீச்சல் இயல்புக்குத் திரும்பினால், மருந்து ஏதோ செய்திருக்கிறது என்று கணக்கு. குஞ்சுகளை நான்காம் நாளிலேயே பயன்படுத்தி முடித்துவிடுகிறார்கள். காரணம் கேட்டபோது, தானாக இரைதேடத் தொடங்கிய பிறகே மீன்குஞ்சைப் பாதுகாக்கப்பட வேண்டிய விலங்காகக் கொள்ளும் 2010-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையைக் காட்டினார்கள். வரிக்குதிரை மீனில் அந்தப் பருவத்தை ஐந்தாம் நாள் என்று கணக்கிடுவது வழக்கம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதனல்லாத உயிருள்ள எதுவும் விலங்கே என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நம் சட்டத்தின் கீழ் தொழில் நடத்துகிறவர்கள் தங்களுக்கு வசதியான எல்லைக்கோட்டை ஐரோப்பாவிலிருந்து வரவழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் நான்காம் நாளோடு நிறுத்துவது, நிறுத்தாமல் இருப்பதைவிட மேல்.

இரண்டாவது, வளர்ந்த மீனில் செய்வது. ஈரமான பஞ்சுத் துண்டில் ஒரு கீறல் போட்டு, அதில் மீனை வயிறு மேலே இருக்கும்படி செருகி, மயிரிழை போன்ற ஊசியால் அடிவயிற்றில் அமிலத்தைச் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. தொட்டியில் விட்டதும் மீனின் உடல் வில்லைப் போல வளைகிறது, நேராகிறது, மறுபடியும் வளைகிறது. அந்த வளைவின் அளவையும் நேரத்தையும் எண்ணுவதுதான் சோதனை. மார்ஃபின், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணியை முன்பே கொடுத்திருந்தால் இந்த வளைவு குறையும் என்பது ஏற்கெனவே அறியப்பட்டது. மார்ஃபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் இவர்கள் டைக்ளோஃபெனாக்கையே ஒப்பீட்டு மருந்தாக வைத்திருக்கிறார்கள். எங்கள் மாதிரிக்குக் குழுவுக்குப் பத்தாக 50 மீன்கள்.

அந்த அறையில் கணினிக்கு முன்பே முடிவு சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். தொட்டிகளைக் கழுவி, ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைப் பொரிக்கவைத்துத் தீனி போடும் அம்மாள் அவர். “ஊசி போட்ட மீனு தீனிக்கு வராது சார். மத்ததெல்லாம் மேல வந்து கொத்தும். இது அடியிலயே கெடக்கும். செவுளு படபடன்னு அடிக்கும். அவங்க கம்ப்யூட்டர்ல பாக்கதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சிரும்லா” என்றார். மீன்களின் வலியைப் பற்றிய உலக விவாதத்தைத் தொடங்கிவைத்த ஆய்வும் இதையேதான் பார்த்தது. எடின்பரோ அருகிலுள்ள ரோஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் 58 உணர்முனைகளைச் சோதித்து, அவற்றில் 22 ஊறு விளைவிப்பவற்றை அறியும் முனைகள் என்று கண்டார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அசெட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் ஏறத்தாழ 3 மணி நேரம் தீனியைத் தொடவில்லை. வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டவை அதற்கு வெகு முன்பே தின்னத் தொடங்கிவிட்டன. அமிலம் ஏற்ற சில மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் உரசின. வரிக்குதிரை மீன் அப்படி உரசுவதில்லை. நீச்சலைக் குறைத்துக்கொண்டு செவுளை வேகமாக அடிக்கும். இனத்துக்கு இனம் வலியின் முகம் மாறும் என்பதை அந்த அம்மாள் படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார். ஆய்வகமோ செவுளடிப்பை எண்ணுவதே இல்லை. செலவில்லாத, நம்பகமான ஓர் அளவை அவர்கள் வீணாக்குகிறார்கள் என்பதை எழுத்திலேயே தெரிவித்திருக்கிறேன்.

இனி, எனக்கு உண்மையான மனக்குறை உண்டான இடம். முதல் நாள் தேநீர் கொடுத்துக்கொண்டே பொறுப்பாளர், “எலி என்றால் ஆயிரம் கேள்வி வரும், இது மீன்தானே சார், அதற்கு நம்மைப் போல வலி தெரியாது” என்றார். கையேட்டிலும் அதே கருத்து நயமான சொற்களில் இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: வலி தெரியாத உயிரைக் கொண்டு வலிநிவாரணியைச் சோதித்து அந்த அறிக்கையை என் தம்பிக்கு 18,500 ரூபாய்க்கு விற்பது எப்படி? மீனுக்கு வலி இல்லையென்றால் அந்த அறிக்கை வெறும் உடல் வளைவின் கணக்கு. தைலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வலி உண்டென்றால் அறிக்கைக்கு மதிப்புண்டு, ஆனால் ‘மீன்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. இரண்டையும் ஒரே கல்லாவில் வைத்து விற்க முடியாது.

பொறுப்பாளர் பக்கத்திலும் அறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மனிதனிடம் வலியை உணர்வாக்குவது மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணி. மீனிடம் அது இல்லை. ஆகவே மீனிடம் இருப்பது அனிச்சைச் செயலேயன்றி வலியன்று என்று 2002-இல் ஜேம்ஸ் ரோஸும் 2016-இல் பிரையன் கீயும் வாதிட்டார்கள். அனிச்சைச் செயல் என்றால் தீனியை மணிக்கணக்கில் மறுப்பது எப்படி என்பதும், மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைவது எப்படி என்பதும் மறுதரப்பின் கேள்விகள். பின்னொரு சோதனையில், அமிலம் ஏற்றப்பட்ட வரிக்குதிரை மீன்கள், செடியும் கல்லும் உள்ள வசதியான அறையை விட்டுவிட்டு, வலிநிவாரணி கரைக்கப்பட்ட வெறும் அறைக்குப் போயின; அமிலம் ஏற்றப்படாதவை போகவில்லை. தனக்குப் பிடித்த இடத்தைத் துறந்து மருந்துள்ள இடத்தைத் தேடிப்போவதை வெறும் துடிப்பென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2020-இல் திருத்தப்பட்ட உலக வலியாய்வுச் சங்கத்தின் வரையறையும், சொல்லத் தெரியாததால் வலி இல்லையென்று ஆகிவிடாது என்பதை மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவாகவே சொல்கிறது.

அந்தப் பேச்சினால் நேர்ந்த தீங்கு தத்துவத்தோடு நிற்கவில்லை. அளவெடுப்பு 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் ஊசி போட்ட மீன்களை ‘தானே தேறிவிடும்’ என்று மறுநாள் வரை தொட்டியில் விட்டுவைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. வலிநிவாரணியைச் சோதிக்கும்போது எல்லா மீனுக்கும் வலிநிவாரணி கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணி முடித்த பிறகும் நோவை நீட்டுவதற்கு எந்த அறிவியல் காரணமும் கிடையாது. நாங்கள் வற்புறுத்தியதன் பேரில், எங்கள் மீன்களை அளவெடுப்பு முடிந்தவுடன் டிரைக்கேன் என்ற மயக்க மருந்தை மிகையளவில் கலந்த நீரில் விட்டு முடித்தார்கள். அந்த மருந்து அமிலத்தன்மை உடையது. சோடா உப்புச் சேர்த்துச் சமன்செய்யாவிட்டால் அதுவே மீனுக்கு எரிச்சல். அதைச் சமன்செய்கிறார்களா என்று பார்த்தேன், செய்தார்கள். பின்னர் வந்த ரசீதில் ‘மயக்க மருந்துச் செலவு, 1,200 ரூபாய்’ என்று தனி வரி இருந்தது. கொடுத்துவிட்டோம். கருணைக்கும் கட்டணம் உண்டென்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

விலங்காய்வில் மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று கோட்பாடுகளை 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்தார்கள். எலிக்குப் பதில் மீன் என்பதைக் கையேடு ‘மாற்று’ என்ற தலைப்பில் பெருமையாகப் போட்டிருக்கிறது. மீனும் முதுகெலும்புள்ள உயிர்தான். எலியின் எண்ணிக்கையைக் குறைத்து மீனின் எண்ணிக்கையைக் கூட்டுவது, கடனை ஒரு வட்டிக்கடையிலிருந்து இன்னொரு வட்டிக்கடைக்கு மாற்றுவதைப் போன்றது. மேசை மேல் இருந்த கோப்பில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருந்ததையும் பார்த்தேன்; அந்த வகையில் காகிதங்கள் ஒழுங்காகவே உள்ளன.

சோதனையின் தரத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். தைலம் தண்ணீரில் கரையாது. ஆகவே அவர்கள் சோதித்தது தைலத்தையே அன்று. இலைகளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, உலர்த்தி, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுத்த சாற்றைத்தான். விளக்கெண்ணெயும் சூடமும், முழங்காலில் சூடு பறக்கத் தேய்க்கும் கையும் அந்தச் சோதனையில் இல்லை. முன்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் தவணையின்போதுதான் சொன்னார்கள்.

அடுத்தது, எண்ணுகிறவருக்கு எந்தத் தொட்டியில் எந்த மருந்து என்பது தெரிந்திருந்தது. தொட்டியின் மேல் ‘நொச்சி’ என்று மார்க்கரால் எழுதியே வைத்திருந்தார்கள். பெயர் தெரிந்தால் கண் தானாகவே சாய்ந்துவிடும். இது நேர்மைக்குறைவு அன்று, மனித இயல்பு. வீடியோப் பதிவுகளுக்கு எண்களை மட்டும் இட்டு இன்னொருவர் மறுபடி எண்ண வேண்டும் என்று கேட்டபோது முகம் கோணாமல் செய்தார்கள். இரண்டாம் எண்ணிக்கையில் எங்கள் சாற்றின் பலன் முதலில் சொன்னதைவிடத் தெளிவாகவே குறைந்தது. அதை மறைக்காமல் அறிக்கையில் சேர்த்தது அவர்களுக்குப் பெருமை.

மூன்றாவது, மயக்கமும் வலிநீக்கமும் ஒன்றுபோலத் தோன்றும் சிக்கல். தூக்கம் வரவழைக்கும் பொருளும் மீனின் அசைவைக் குறைக்கும். அமிலம் இல்லாமல் சாறு மட்டும் கொடுத்து நீச்சலை அளக்கும் துணைச் சோதனையைத் தனிக் கட்டணம் கட்டிச் செய்யச் சொன்னோம். அதிக அளவில் சாறு கொடுத்த மீன்கள் அமிலம் இல்லாமலே மந்தமாகத்தான் நீந்தின. அப்படியானால் வளைவு குறைந்தது வலி தணிந்ததாலா, மீன் சோர்ந்ததாலா என்று பிரிக்க முடியாது. இந்தத் துணைச் சோதனை அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையை யாரும் வாங்கக் கூடாது.

விலைப்பட்டியலில் இன்னொரு சோதனையும் இருக்கிறது: மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு எரிச்சலை உண்டாக்கி, அதைத் தைலம் தணிக்கிறதா என்று பார்ப்பது. கேப்சைசினைப் பாலூட்டிகளிடம் உணர்வது டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி, அதாவது நரம்பு முனையில் இருந்து தூண்டுதலைப் பிடிக்கும் புரதம். வரிக்குதிரை மீனிடம் இருக்கும் அந்த ஏற்பி சூட்டை அறியும், காரத்தை அறியாது. பறவைகளிடமும் அப்படித்தான், அதனால்தான் கிளி மிளகாய்ப்பழத்தைக் கொறித்துக்கொண்டே இருக்கிறது. காரத்தை அறியாத ஏற்பியை வைத்துக்கொண்டு, காரம் போட்ட மீன் அசைகிறது என்றால் அது கரைப்பானால் அசைகிறதோ, கைபட்டதால் அசைகிறதோ, வேறெதனாலோ. கடுகெண்ணெயின் காரப்பொருளை அறியும் வேறோர் ஏற்பி மீன்குஞ்சுகளிடம் நன்றாகவே வேலை செய்கிறது. அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு மிளகாயை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். மிளகாய்ச் சத்துச் சேர்த்த களிம்பு தயாரிப்பவர்கள் இந்த ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இருபத்தெட்டுப் பக்கத்தில் அறிக்கை வந்தது. படங்கள் தெளிவு, அளவுகள் முழுமை, வீடியோப் பதிவுகளை எல்லாம் பென்டிரைவில் கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘மூட்டுவலியைப் போக்கும் ஆற்றல் உறுதிசெய்யப்பட்டது’ என்று ஒரு வரி. தைலம் வாங்க வருகிறவர்கள் எங்களிடம் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வதில்லை. குடையுது, உளையுது, கடுக்குது, இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். பத்து மீன்களின் வயிற்றில் 20 நிமிடம் இருந்த அமில எரிச்சல் இவற்றில் எதுவும் அன்று. அந்த வரியை நீக்கச் சொல்லி, ‘அமிலத்தால் உண்டான உடல் வளைவு ஓரளவு குறைந்தது, மந்தத் தன்மையும் காணப்பட்டது’ என்று மாற்றி வாங்கினோம். வியாபாரிக்கு அது போதவில்லை. தம்பி அறிக்கையைத் தைலப் பெட்டியில் அச்சிடவும் இல்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆய்வு மாணவர்களுக்கும், புதிய சாறு ஒன்றில் மேற்கொண்டு தேட ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் சல்லடை போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இந்த ஆய்வகத்தைச் சொல்லலாம். தைலப் புட்டியில் ஒட்டுவதற்கு ஒரு சான்று வேண்டும் என்று போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் மூன்று நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எண்ணுகிறவருக்கு மருந்தின் பெயர் தெரியக் கூடாது, மந்தச் சோதனை சேர்ந்திருக்க வேண்டும், அளவெடுத்தவுடன் மீனை நோவில்லாமல் முடிக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு முன் போவது நல்லது. விளக்கு எரிந்து முட்டை விழும் நேரம் அது. அலுவலக அறை திறந்திருக்காது. தீனி போடும் அந்த அம்மாள் மட்டும் இருப்பார். எந்தத் தொட்டி மீன் நேற்று மாலையிலிருந்து மேலே வரவில்லை என்று கேட்டால் காட்டுவார்.